ஓட்டிக்கொண்டே மீட்டெடுத்த மோரிஸ் மைனர்: ஒரு நிகழ்வு ஆய்வு

எடுத்துக்கொண்ட கார் 1960களின் நடுவில் வந்த, பிரிட்டனின் மோரிஸ் மைனர் 1000. இரண்டு கதவு சலூன், 1098 சிசி இன்ஜின், நான்கு கியர். பல வருடம் கொட்டகைக்குள் நின்றுபோயிருந்த வண்டி. வாங்கும்போதே இரண்டு நிபந்தனைகள் இருந்தன. மாதாமாதம் மிச்சம் பிடிக்கிற பணத்தில்தான் வேலை நடக்க வேண்டும், கடன் வாங்கக் கூடாது. அப்புறம், இது ஞாயிற்றுக்கிழமை துடைத்துப் பார்க்கிற வண்டியாக இருக்கக் கூடாது. வெயிலோ மழையோ, தினமும் வேலைக்குப் போய் வர வேண்டும்.

பழைய காரைச் சீரமைப்பது என்றாலே எல்லாவற்றையும் கழற்றி வெறும் கூடாக்கி, பெயிண்ட் வரை முடித்துவிட்டு மறுபடி பூட்டுவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பணமும் இடமும் தாராளமாக இருந்தால் நல்ல முறைதான். அளவான பணத்தில் இறங்குகிறவருக்கு அதில் பெரிய ஆபத்து இருக்கிறது. பாதியில் பணம் தீர்ந்துவிட்டால் கையில் கார் இருக்காது, பெட்டி பெட்டியாகப் பாகங்கள்தான் இருக்கும். 'பாதி வேலை முடிந்தது' என்று விற்பனைக்கு வரும் பழைய கார்களில் பல இப்படி வந்தவைதான்.

அதனால் ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டேன்: எந்த மாதம் பணம் நின்றாலும் கார் ஓடுகிற நிலையில் நிற்க வேண்டும். உயிரைக் காப்பாற்றுகிற வேலைகள் மட்டும் முதலில், வண்டியை நிறுத்திவைத்து. மற்றதெல்லாம் ஓட்டிக்கொண்டே. எந்த வேலை எந்த வரிசையில் வந்தது, எதைத் தள்ளிப்போட்டேன், எதற்குப் பிடிவாதமாகச் செலவழித்தேன் என்பதெல்லாம் இந்த விதியிலிருந்து வந்தவை.

காரைத் தேர்ந்தெடுத்ததிலேயே பாதிச் செலவு தீர்மானமாகிவிட்டது

பழைய காரின் உண்மையான விலை, வாங்கும்போது கொடுக்கிற தொகை அல்ல. பாகம் கிடைக்கிறதா, எளிதில் கிடைக்கிறதா என்பதுதான். அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த மைனர், 1970களின் தொடக்கம் வரை 16 லட்சத்துக்கும் மேல் தயாரானது. அதன் இன்ஜின் ஏ-சீரிஸ் குடும்பம். 1951இல் ஆஸ்டின் ஏ30 காரில் தொடங்கிய அந்தக் குடும்பம், 2000ஆம் ஆண்டில் பழைய மினி நிற்கும்வரை உற்பத்தியில் இருந்தது. அரை நூற்றாண்டு ஓடிய இன்ஜின் என்பதால் கேஸ்கட், பேரிங், வாட்டர் பம்ப், டைமிங் செயின் எல்லாம் இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். ஃபோக்ஸ்வேகன் பீட்டிலும் மினியும் இதே காரணத்தால் அளவான பணத்துக்கு ஏற்றவை. எண்ணிக்கையில் குறைவாக வந்த ஒரு அழகான காரை இதைவிட மலிவாக வாங்கியிருக்கலாம். ஆனால் அதன் முன்கண்ணாடி ஒன்று உடைந்தால் மாதக்கணக்கில் தேட வேண்டியிருக்கும், அதுவரை அது தினசரி கார் அல்ல.

இன்னொரு நன்மை, பானெட்டைத் திறந்தால் இன்ஜினின் இரு பக்கமும் கை தாராளமாகப் போகும். வேலையை நாமே செய்யப்போகிறோம் என்றால் இது சாதாரண விஷயம் அல்ல.

துரு: பணம் போன இடம்

மைனருக்குத் தனியாகச் சேஸிஸ் கிடையாது. பாடியே சேஸிஸ். அதனால் துரு எங்கே இருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முன்னும் பின்னும் உள்ள நான்கு மட்கார்டுகளும் போல்ட்டில் மாட்டியவை. அவை ஓட்டையாக இருந்தால் பார்க்கத்தான் அசிங்கம், மாற்றுவது சுலபம். கதவுக்குக் கீழே ஓடும் சில், முன் இருக்கைக்கு அடியில் குறுக்கே போகும் கிராஸ் மெம்பர், பின் லீஃப் ஸ்பிரிங்கைத் தாங்கும் ஹேங்கர் ஆகிய மூன்றும்தான் காரின் எலும்பு. முன்சக்கரங்களுக்கு ஸ்பிரிங்காக இருந்து தாங்கும் நீளக் கம்பியான டார்ஷன் பாரின் பின்முனை அந்தக் கிராஸ் மெம்பரில்தான் மாட்டியிருக்கிறது. அது உளுத்துப்போயிருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் அளவான பணத்தில் இருப்பவர் அந்தக் காரை விட்டுவிட வேண்டும்.

வாங்கும் முன் செய்த சோதனைக்குச் செலவே இல்லை. மெல்லிய துணி சுற்றிய காந்தத்தைச் சில் முழுக்க நகர்த்தினேன். ஒட்டாத இடத்தில் இரும்பு இல்லை, ஓட்டையை அடைத்துப் பூசிய பட்டி இருக்கிறது. கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் படுத்து, ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போனேன். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும், உளுத்த தகடு மந்தமாக ஒலிக்கும். இந்தக் காரில் இரண்டு சில்லின் கீழ்ப்பகுதியும் போயிருந்தது. டிரைவர் பக்கப் பின் ஹேங்கர் முழுதாகப் போயிருந்தது. கிராஸ் மெம்பர் மட்டும் இரு முனையிலும் உறுதியாக இருந்தது. அதை நம்பித்தான் வாங்கினேன்.

வெல்டிங்கை நானே செய்யவில்லை. தாங்குகிற பாகத்தில் கற்றுக்கொள்ளக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஆனால் வெல்டிங் வேலையின் கூலியில் பெரும்பகுதி வெல்டிங்குக்கே போவதில்லை. துருவை வெட்டுவது, சுத்தமான இரும்பு வரை தேய்ப்பது, தகட்டை அளவாக வெட்டி வளைப்பது என்று முன்வேலைக்குத்தான் நேரம் போகிறது. அதை நான் எடுத்துக்கொண்டேன். அட்டையில் வார்ப்பு வெட்டி, பொருத்திப் பார்த்து, அதே அளவில் தகடு வெட்டித் தயாராக வைத்துவிட்டு வெல்டரை அழைப்பேன். சில்லுக்கு 1.2 மி.மீ. தகடு, ஹேங்கர் பகுதிக்கு 2 மி.மீ. அவர் வந்தால் வெல்ட் மட்டும் போட்டுவிட்டுப் போய்விடலாம். இந்த ஒரு ஏற்பாட்டில் மிச்சமான கூலிதான் பின்னால் பிரேக்குக்குப் போனது.

சில்லை வெட்டும்போது கவனம் முழுக்கக் கதவு இடைவெளியில் இருக்க வேண்டும். பாடியே சேஸிஸ் என்பதால், தவறாகத் தாங்கி நிறுத்திய காரில் சில்லை வெட்டினால் நடுவில் தொய்ந்துவிடும், அதே தொய்வோடு புதுத் தகடும் ஒட்டிவிடும். கதவுகளைக் கழற்றாமல் மூடியே வைத்து, ஸ்டாண்டுகளைச் சரியான இடங்களில் கொடுத்து, ஒரு பக்கம் முழுதாக முடிந்த பிறகே மறுபக்கத்தைத் தொட்டோம். ஒவ்வொரு வெட்டுக்கு முன்னும் பின்னும் கதவு இடைவெளியை அளந்து சுவரில் எழுதினோம். பின் ஹேங்கர் வேலைக்கு முன் பெட்ரோல் டேங்க் காரை விட்டே வெளியே போனது, பேட்டரி வயரும் கழன்றது. டிக்கியின் தரையில்தான் டேங்க் உட்கார்ந்திருக்கிறது. அங்கே தீப்பொறி பறக்கும் வேலையில் சமரசமே கிடையாது.

பழைய ஒட்டின் மேல் இன்னொரு ஒட்டு போட்டிருந்த இடங்கள் நிறைய. அத்தனையையும் வெட்டியெறிந்து நல்ல இரும்பு வரும்வரை போனோம். துருவின் மேல் ஒட்டிய தகடு ஈரத்தை உள்ளே பிடித்துவைத்து இன்னும் வேகமாக அரிக்கும். முடிந்ததும் துத்தநாக ப்ரைமர், இணைப்புகளில் சீலர், பெட்டிப் பகுதிகளுக்குள் மெழுகு. கதவு அடியிலும் சில் அடியிலும் தண்ணீர் வடியும் துளைகளைக் குத்தி விட்டேன். தினசரி மழையில் ஓடும் காருக்கு அந்தத் துளைகள் எந்தப் பெயிண்டையும்விடப் பெரிய காப்பு.

பிரேக்கும் முன்சக்கரமும்

பெடலின் அழுத்தத்தை ஆயில் வழியாகச் சக்கரங்களுக்கு அனுப்பும் பிரேக் மாஸ்டர் சிலிண்டர், மைனரில் டிரைவரின் காலடியில், பாடியோடு சேர்ந்த ரெயிலுக்குள் ஒளிந்திருக்கிறது. ஆயில் ஊற்றும் மூடியே கார்ப்பெட்டுக்குக் கீழேதான். அதன் போல்ட்டுகளை உருவ முடியாதபடி டார்ஷன் பார் குறுக்கே நிற்கும். ஒருமுறை வெளியே எடுப்பதே பெரிய வேலை என்பதால், எடுத்த கையோடு பிரேக்கில் இருந்த அத்தனையையும் புதிதாக்கினேன். மாஸ்டர் சிலிண்டர், முன்சக்கரத்துக்கு இரண்டாக நான்கும் பின்னால் இரண்டுமாக ஆறு வீல் சிலிண்டர், மூன்று ரப்பர் ஹோஸ், எல்லாப் பைப்புகளும். பைப்புக்குச் செம்பு-நிக்கல் எடுத்தேன், துருப்பிடிக்காது. முனையை விரிக்கும் கருவி ஒன்று வாங்கினால் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். இங்கே ஒரு பாகத்தைக்கூட 'இன்னும் கொஞ்ச நாள் ஓடும்' என்று விடவில்லை.

காரணம், இது ஒற்றைச் சுற்றுப் பிரேக். இன்றைய கார்களில் ஒரு பக்கம் ஆயில் ஒழுகினாலும் மறுபாதி பிடிக்கும். இதில் ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரத்திலும் ஒன்றும் இருக்காது. மிஞ்சுவது கேபிளில் இயங்கும் ஹேண்ட் பிரேக் மட்டும். ஆகவே இந்தக் காரில் ஹேண்ட் பிரேக் என்பது நிறுத்தி வைக்கும் கொக்கி அல்ல, இரண்டாவது பிரேக். கேபிள் புதிதாக மாற்றி, வேலை செய்கிறதா என்று வாரம் ஒருமுறை ஆளில்லாத இடத்தில் மெதுவான வேகத்தில் பார்க்கிறேன். பிரேக் ஆயிலையும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன். டாட் 4 ஆயிலின் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதில் 230 டிகிரி செல்சியஸ். காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. நீண்ட இறக்கத்தில் இந்த வித்தியாசம் பெடலில் தெரியும்.

முன்னால் டிஸ்க் பிரேக் மாற்றச் சொன்னவர்கள் உண்டு. அந்தப் பணத்தில் எல்லாச் சக்கரத்துக்கும் புது டயர் வந்தது. 1098 சிசி மைனரில் முன்னால் 8 அங்குல டிரம். ஷூக்களைச் சரியாக அட்ஜஸ்ட் செய்து வைத்தால் முக்கால் டன் எடையுள்ள இந்தக் காரை நன்றாகவே நிறுத்துகிறது. அட்ஜஸ்ட் செய்வதற்குக் காசு இல்லை, பொறுமைதான் வேண்டும். சக்கரம் உரசும்வரை திருகி, விடுபடும்வரை பின்னால் திருப்ப வேண்டும். ஒவ்வொரு ஆயில் மாற்றத்தின்போதும் செய்கிறேன்.

பழைய டயர்களின் பட்டன் புதிதுபோல் இருந்தது. அதில் ஏமாறக் கூடாது. 2000க்குப் பிறகு வந்த டயர்களின் பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். ஓடாமல் நின்ற காரின் ரப்பர் தேய்வதில்லை, காய்ந்து வெடிக்கிறது. 14 அங்குல வளையத்துக்குப் பொருந்தும் ரேடியல் இன்றும் கிடைக்கிறது.

இனி மைனர் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டிய இடம்: முன்சக்கரத்தின் ட்ரனியன். சக்கரம் திரும்பும் செங்குத்துத் தண்டான கிங் பின்னின் முனையில் இருக்கும் மரை, ட்ரனியன் என்ற இந்தப் பாகத்துக்குள் திருகியிருக்கிறது. அந்த மரைதான் சக்கரத்தைத் திருப்பவும் தாங்கவும் செய்கிறது. கிரீஸ் இல்லாமல் ஓடினால் மரை தேய்ந்து ஒரு நாள் கழன்றுவிடும், சக்கரம் மடங்கி உள்ளே விழும். ஜாக் கொடுத்து, சக்கரத்துக்கு அடியில் கம்பியை வைத்து நெம்பினால் மேலும் கீழுமாக ஆட்டம் தெரியும். இந்தக் காரில் இடது பக்கம் தெளிவாக ஆடியது. இரண்டு பக்கமும் மாற்றினேன். அதன் பிறகு சுமார் 1500 கி.மீ.க்கு ஒருமுறை கிரீஸ் கன்னோடு காருக்கு அடியில் படுக்கிறேன். பழைய அழுக்குக் கிரீஸ் வெளியே பிதுங்கும்வரை அடிக்க வேண்டும்.

இவ்வளவும் முடிந்ததும் கார் சாலைக்கு வந்தது. உள்ளே சீட் கிழிந்திருந்தது, வெளியே ப்ரைமர் திட்டுகள் தெரிந்தன. பாதுகாப்பாக நின்றது, நேராக ஓடியது. அது போதும்.

இன்ஜின்: தொடாமல் விட்டதில் கிடைத்த லாபம்

பழைய கார் வாங்கியதும் இன்ஜினை இறக்க வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். அதற்கு முன் அளந்து பார்க்க வேண்டும். நீண்ட நாள் நின்ற இன்ஜின் என்பதால் ஸ்பார்க் பிளக் துளை வழியாகக் கொஞ்சம் ஆயில் விட்டு, ஊறவைத்து, கையால் சுற்றினேன். பிறகு கம்ப்ரெஷன் சோதனை. நான்கு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. ஏதாவது ஒன்று குறைந்தால் அதில் ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி பார்க்கலாம். அளவு ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்வு. இந்த இன்ஜினில் நான்கும் ஒத்துப்போயின. ஆயில், ஃபில்டர், பிளக், தீப்பொறிக்கான மின்சாரத்தைத் துண்டித்து இணைக்கும் பாயிண்ட் மாற்றி, டேப்பெட்டை (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளியை) குளிர்ந்த நிலையில் 0.30 மி.மீ.க்கு வைத்து, எஸ்.யு. கார்புரேட்டரைக் கழுவி மாட்டியதோடு சரி. இறக்கவில்லை.

செலவழித்தது பெட்ரோல் பாதையில். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் ஹோஸைக் கரைத்து நொறுக்கும். அதைத் தாங்கும் ஆர்9 தர ஹோஸ் முழுக்க மாற்றினேன். சூடான இன்ஜினுக்குப் பக்கத்தில் பெட்ரோல் ஒழுகுவது பழைய கார்கள் எரிவதற்கு முக்கியமான ஒரு காரணம்.

ஈயமில்லா பெட்ரோல் பற்றி நிறைய பயம் உண்டு. பழைய ஏ-சீரிஸ் இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டில் வால்வு உட்காரும் இடம் சாதா வார்ப்பிரும்பு. ஈயம் இல்லாததால் எக்ஸாஸ்ட் வால்வு அதற்குள் மெல்ல மெல்ல அமிழும். உண்மைதான். ஆனால் அதை நாமே கண்காணிக்கலாம். வால்வு அமிழ்ந்தால் டேப்பெட் இடைவெளி குறையும். ஒவ்வொரு முறையும் அளந்து ஒரு நோட்டில் எழுதுகிறேன். எண் நகராதவரை ஹெட்டைக் கழற்றத் தேவையில்லை.

வயரிங்

பழைய மைனரில் மொத்தம் இரண்டே ஃபியூஸ், இரண்டும் 35 ஆம்பியர். ஹெட்லைட்டுக்கு ஃபியூஸே கிடையாது. வயரின் மேல்துணி நைந்த காரில் இதை அப்படியே விட முடியாது. முக்கியமான ஒவ்வொரு வயருக்கும் தனி ஃபியூஸ், ஹெட்லைட்டுக்கு ரிலே, பேட்டரிக்கு ஒரு கட்-ஆஃப் சுவிட்ச். எர்த் இணைப்புகளைத் தேய்த்துச் சுத்தம் செய்ததிலேயே மங்கலாக எரிந்த விளக்குகளில் பாதி பிரகாசமாகிவிட்டன.

பேட்டரியைச் சார்ஜ் செய்யும் டைனமோவை நல்லபடி ஓடும்வரை விட்டுவைத்தேன். அதன் உச்ச அளவு 22 ஆம்பியர், ஐடிலில் சார்ஜே ஆகாது. இரவு, மழை, நெரிசல் மூன்றும் சேர்ந்தால் பேட்டரி இறங்கும். இரண்டாம் ஆண்டில் டைனமோ பேரிங் சத்தம் போட்டதும் ஆல்டர்நேட்டருக்கு மாறினேன். மைனர் பாசிட்டிவ் எர்த் கார், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்த கார் என்பதால் அதோடு நெகட்டிவ் எர்த்துக்கும் மாற வேண்டியிருந்தது: பேட்டரி முனைகள், காயில் வயர்கள் இடம் மாறும், பெட்ரோல் பம்புக்குள் டயோடு இருந்தால் அதையும் பார்க்க வேண்டும். பழுதான பிறகு மேம்படுத்துவது என்ற இந்த முறையில் ஒரே செலவு இரண்டு வேலைக்கு உதவுகிறது.

தினசரி ஓட்டத்தில் தெரிந்தவை

நடுவழியில் நின்ற சம்பவம் என்றால், காயிலின் மின்சாரத்தைச் சுழன்று ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்துக் கொடுக்கும் ரோட்டார் ஆர்ம். எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் இன்ஜின் அணைந்தது. பெட்ரோல் வருகிறது, காயிலிலிருந்து தீப்பொறி வருகிறது, பிளக்கில் மட்டும் இல்லை. புதிதாக வாங்கி மாட்டிய ரோட்டார் ஆர்மின் நடுவில் இருந்த ரிவெட் வழியாக மின்சாரம் ஷாஃப்ட்டுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. மலிவான மறுதயாரிப்புப் பாகங்களில் நன்கு அறியப்பட்ட கோளாறு இது. கண்டென்சரும் அப்படித்தான். டேஷ்போர்டில் போட்டு வைத்திருந்த பழைய ரோட்டார் ஆர்மை மாட்டியதும் கார் கிளம்பியது. ஓடிக்கொண்டிருக்கும் பழைய பாகத்தை மாற்றினால் அதைத் தூக்கிப்போடாமல் காரிலேயே வையுங்கள். அது ஏற்கெனவே தன்னை நிரூபித்த பாகம்.

எலக்ட்ரானிக் இக்னிஷன் போடாததற்கும் இதே காரணம்தான். அது நன்றாக ஓடும், நின்றால் ஒன்றும் செய்ய முடியாது. பாயிண்ட் தேய்ந்தால் 0.38 மி.மீ. கேஜ் ஒன்றும் ஒரு ஸ்குரூ டிரைவரும் போதும். இதில் மாற்றுக் கருத்து உள்ளவர்கள் நிறைய இருக்கிறார்கள், அவர்கள் காரணமும் நியாயமானதுதான்.

ஓட்டும் விதமும் மாற வேண்டியிருந்தது. முன்னால் போகும் வண்டிக்குப் பின்னால் இரண்டு மடங்கு இடைவெளி விடுகிறேன். காற்றுப்பை கிடையாது, மோதலின் வேகத்தை உள்வாங்கி நசுங்கும்படி வடிவமைத்த முன்பகுதி கிடையாது. மூன்று முனை சீட் பெல்ட்டை, தகடு கொடுத்து வலுவாக்கிய இடங்களில் மாட்டியிருக்கிறேன். இவ்வளவு செய்தும் இது புதிய காரின் பாதுகாப்புக்குப் பக்கத்தில் வராது. இந்தக் காரை நேசிக்கிற ஒவ்வொருவரும் இதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். கனமழையில் இரவு நெடுஞ்சாலைப் பயணத்தை நான் ஒத்திப்போடுகிறேன்.

ஆச்சரியமாக, தினமும் ஓட்டுவதால் கார் கெடவில்லை, தேறியது. நின்ற காரில் சீல் காயும், பிரேக் சிலிண்டர் ஒட்டிக்கொள்ளும், டேங்க் துருவேறும். ஓடும் காரில் சின்னக் கோளாறு சின்னதாகவே கண்ணில் படுகிறது. குறைந்த தூரம் மட்டும் ஓட்டினால் ஆயிலில் சேரும் ஈரம் ஆவியாகாது. அதற்காக வாரம் ஒருமுறையாவது இன்ஜின் நன்றாகச் சூடேறும் வகையில் நீளமாக ஓட்டுகிறேன்.

செலவுக் கணக்கும் இப்போதைய நிலையும்

மொத்தச் செலவில் ஏறக்குறைய பாதி துருவுக்கும் வெல்டிங்குக்கும் போனது. கால் பங்கு பிரேக், ட்ரனியன், டயர். மீதியில் வயரிங், பெட்ரோல் பாதை, கருவிகள். பெயிண்டுக்கு இதுவரை எதுவும் இல்லை. சேமித்த இடங்கள்: முன்வேலையை நானே செய்தது, மட்கார்டுகளை வேறொரு பழைய காரிலிருந்து எடுத்தது, ஷாக் அப்சார்பரைப் புதிதாக வாங்காமல் பழையதைக் கொடுத்துப் புதுப்பித்ததை வாங்கியது. முழுச் சீரமைப்பில் முதல் நாளே வைக்க வேண்டிய பணம், இங்கே மூன்று வருடத்தில் சிறுகச் சிறுகப் போனது. அந்த மூன்று வருடத்தில் முதல் சில மாதங்கள் தவிர கார் வேலைக்குப் போய்க்கொண்டே இருந்தது.

நோட்டில் இப்போது ஒரு எண் நகரத் தொடங்கியிருக்கிறது. மூன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் டேப்பெட் இடைவெளி ஒவ்வொரு முறை அளக்கும்போதும் கொஞ்சம் குறைந்திருக்கிறது. அடுத்த வேலை ஹெட்டைக் கழற்றி, எக்ஸாஸ்ட் பக்கம் கடினமான வால்வு சீட் பதிப்பது. கழற்றும்போதே ஹெட் கேஸ்கட்டும் வால்வு ஸ்டெம் சீலும் புதிதாகும், ரேடியேட்டர் ஹோஸ்களும் அதே கையோடு மாறும். பணம் சேர்ந்துகொண்டிருக்கிறது. பெயிண்ட் அதற்குப் பிறகு.